வார்லாமின் கோப்பில் என் தம்பி

1976 கோடையில், குத்தாயிசி நகரத்திலுள்ள எங்கள் சோடா ஆலைக்குப் பல்கேரியக் கடற்கரைச் சுற்றுலாவில் ஓர் இடம் கிடைத்தது. பாட்டில் கழுவும் பிரிவில் இருபத்து மூன்று வருடமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத வார்லாமுக்கு அதைக் கொடுத்தார்கள். வெளிநாடு போகிறவர் சுருக்கமாகத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர வேண்டும். ஒரு பக்கம் போதும்.

வார்லாமுக்கு ஐந்து வரிதான் வந்தது. பிறந்தேன், படித்தேன், ஆலையில் சேர்ந்தேன், பாட்டில் கழுவுகிறேன். உறவினர் யாரும் இல்லை.

துணைக்கு நானும் போயிருந்தேன். பணியாளர் பிரிவு சியாலா அம்மா அதைப் படித்துவிட்டு, பழைய கோப்பைத் திறந்தார்.

"உங்க தம்பி எங்கே?"

"எந்தத் தம்பி?"

"வேலைக்குச் சேர்ந்தப்போ எழுதிக் கொடுத்திருக்கீங்களே. ஷல்வா, ஊர் செஸ்தபோனி, தேனீ வளர்க்கிறார்."

வார்லாம் என்னைப் பார்த்தான். நான் உத்தரத்தைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவன் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்பதால், அவனுடையதையும் நானே எழுதினேன். என்னுடையதைப் பார்த்து எழுதியபோது பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றினேன். தம்பியை மாற்ற மறந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னோம். சியாலா அம்மா அசையவில்லை.

"அப்போ ஆலையை அன்னிக்கு ஏமாத்தினீங்களா, இன்னிக்கு ஏமாத்துறீங்களா? எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"செத்துட்டான்னு எழுதிக்குங்கம்மா" என்றான் வார்லாம்.

"டேய்!" என்று கத்தினேன்.

"இறப்புச் சான்றிதழ் வேணும்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி இருக்கிறதுதாங்க உங்களுக்கு நல்லது. ஒண்டிக்கட்டையை எல்லை தாண்ட விடமாட்டாங்க. திரும்பி வர ஒரு காரணம் வேண்டாமா? வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

ஷல்வா மறுநாளே வந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான்.

"குடும்பப் பேரு வேறயா இருக்கே?" என்றார் சியாலா அம்மா.

"அம்மா ஒண்ணுதாங்க. அப்பா வேற" என்றான் என் தம்பி, கண்ணிமைக்காமல். எங்கள் அம்மா கல்லறையில் புரண்டு படுத்திருப்பாள்.

வார்லாம் கிளம்பிய அன்று ஷல்வா ரயில் நிலையத்துக்கு வந்தான். வறுத்த கோழி, சீஸ் ரொட்டி, ஒரு குடம் ஒயின்.

"அண்ணே, ஈரத்துணியோட நிக்காதீங்க. உங்களுக்குச் சளி பிடிக்கிற உடம்பு."

நான் பட்டாளத்துக்குப் போனபோது இவன் வாசல்வரைகூட வரவில்லை.

"அவனுக்கு என்ன உடம்புன்னு உனக்கெப்படிடா தெரியும்?"

"கூடப் பொறந்தவனுக்குத் தெரியாதா?" என்றான்.

பன்னிரண்டு நாள் கழித்து வார்லாம் தோலுரிந்த மூக்கோடு திரும்பினான். கடலைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. உப்பு ஜாஸ்தி என்றான். ஷல்வாவுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வந்திருந்தான். எனக்கு ஒரு தீப்பெட்டி.

"உன் தம்பிக்குத்தானே வாங்கினேன்! ஏண்டா மூஞ்சியைத் தூக்குறே?"

"என் தம்பியா? அதை எந்தக் கோப்புல பார்த்தே?"

அதற்குப் பிறகு வார்லாம் ஞாயிறுதோறும் செஸ்தபோனிக்குப் போகத் தொடங்கினான். தேன்கூட்டுக்குப் புகை போடக் கற்றுக்கொண்டான். கூரையைச் சரிசெய்து கொடுத்தான். ஒருமுறை இருவரும் ஏதோ வேலித் தகராறில் இரண்டு மாதம் பேசாமல் இருந்தார்கள். நான்தான் சமாதானம் செய்யப் போனேன்.

அடுத்த வருட இலையுதிர்காலத்தில் திராட்சை அறுவடைக்கு என்னையும் அழைத்தார்கள். வாசலில் ஷல்வா என்னைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அறிமுகப்படுத்தினான்.

"இவர் நோதர். எங்க அண்ணனோட ஆலையில வேலை செய்யறார். ரொம்ப நல்ல மனுஷன்."

நான் கைகொடுத்தேன். வேறென்ன செய்வது? கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன்.