எய்னாரின் வாராந்திரக் குளியல்

1
பணக்கார நாடுகளில் அரசுச் செலவு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்குக் கட்டுரை வராது, கதைதான் வரும். டென்மார்க்கில் முப்பது வருடமாக வரி கட்டுகிறேன். அந்தத் தகுதி போதும்.

முதல் தொடக்கம்: "முதுமை என்ற வில்லன் டென்மார்க்கின் யுட்லாந்துப் பகுதிக்குள்..." அடித்துவிட்டேன். முதுமை வில்லனா? நம் வீட்டு ஆள்.

இரண்டாவது: "தேர்தல் வருடத்தில் எந்த மேயரும்..." உண்மைதான். அதற்குக் கதை எதற்கு?

மூன்றாவது நிற்கும்: நடக்க முடியாத எய்னாரை நகராட்சிப் பணிப்பெண் வாரம் ஒருமுறை குளிப்பாட்டுகிறாள். அவள் சம்பளம் வருடாவருடம் ஏறுகிறது. குளியலுக்கு அன்றும் இன்றும் அதே நேரம்தான். (தொழிற்சாலையை முடுக்கலாம். குளியலை முடுக்கினால் கிழவர் வழுக்கி விழுவார்.)

2
எய்னாரின் மனைவி உல்லா நகர்மன்ற உறுப்பினர். (அவளைக் கண்ணீரோடு எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வாய்த்துடுக்குக்காரி.) நகராட்சியில் பணம் போதவில்லை. மன்றத்தின் முன் வந்த தீர்மானம் இதுதான்: குளியலை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும், அல்லது பாலர் பள்ளியை மூட வேண்டும்.

சொந்த ஆதாயம் உள்ளவர் வெளியே போக வேண்டும் என்பது விதி. மேயர் ஹென்னிங் தொண்டையைச் செருமினார்.

"உல்லா, எய்னாருக்குக் குளியல் வருதில்ல? நீ வெளிய இரு."

"இருக்கேன். உங்கம்மாவ யாரு குளிப்பாட்டுறா ஹென்னிங், நீயா?"

(இந்த நாட்டில் மேயரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம்.)

ஹென்னிங் எழுந்தார். "எங்கப்பாவுக்கும் வராங்க," என்று இன்னொரு உறுப்பினர் வீப்கே எழுந்தாள். நாற்காலிகள் வரிசையாகப் பின்னால் நகர்ந்தன. கடைசியில் இளைஞன் யெப்பே மட்டும்.

"எங்கப்பா இன்னும் சைக்கிள் ஓட்டுறாரு. நான் இருக்கேன்."

வாசலிலிருந்து உல்லா கேட்டாள்: "உம் பொண்ணு எந்தப் பாலர் பள்ளி?"

அவனும் எழுந்தான்.

(சட்டம் தெரிந்தவர்கள் இப்படி நடக்காது என்பார்கள். நடக்காதுதான். என் கதையில் நடக்கிறது.)

3
மன்றத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் எல்லோரும் காபி குடிக்கிறார்கள். உல்லா குடிக்கவில்லை. அவளுக்குப் பயம். எய்னார் சுத்தக்காரர், உடம்பு நாறினால் சீட்டாட வரும் நண்பர்களை வீட்டுக்குள் விடமாட்டார். அப்புறம் அவருக்கு அவள் மட்டும்தான், அவளுக்கு அவர் மட்டும்தான்.

வரியைக் கூட்டி இரண்டையும் காப்பாற்றினார்கள் என்று முடிக்கலாம். அது கட்டுரைக்காரரின் முடிவு.

ஓட்டுப் போட உள்ளே ஒருவர் வேண்டும். வாசகரே, நீங்கள் வெளியூர், உங்களுக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை. உட்காருங்கள். எனக்கும் எழுபது நெருங்குகிறது, நான் வெளியே போகிறேன்.

கதவைச் சாத்துமுன் உல்லா தலையை நீட்டி உங்களிடம் ஒன்று கேட்கிறாள்.

"குளிக்கும்போது உன் முதுகு உனக்கு எட்டுதா?"