மூன்றாவது ஆல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்தது யார்?

பாட்டில் ஒரு தப்பும் இல்லை. சங்கிலி பயந்ததே அதனால்தான்.

டி. கல்லுப்பட்டியில் அவன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். காலையில் கதவைத் திறக்கும்போதே வாட்ஸ்அப்பில் வந்து இறங்கியிருந்தது, சூட்டுக்கோல் குழுவின் புது ஆல்பத்திலிருந்து முதல் பாட்டு. மூன்றாவது ஆல்பம், அதுவும் பதினோரு வருஷம் கழித்து. த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக ராக் இசையின் பேரைச் சொன்னால் எந்தப் பழைய இரும்புக் கடை என்று மதுரையில் கேட்ட காலத்திலிருந்தே அந்தக் குழுவுக்கு ட்ரம்ஸ் சங்கிலிதான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாலு தரம் கேட்டான்.

ஊரறிந்த குறை ஒன்று அவனிடம் உண்டு. பாட்டு முடியப்போகிற நேரத்தில் வேகம் பிடித்துவிடுவான். அவன் முன்னால் ஓட, கிட்டார் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும். முதல் இரண்டு ஆல்பத்திலும் இந்தக் கூத்தைக் கேட்கலாம். “கடைசியில நம்ம சங்கிலி ஓடிருவாப்ல” என்று பாடகன் சந்தானம் மேடையில் மைக்கிலேயே சொல்லிச் சிரிப்பான். இருபத்திரண்டு வருஷமாகச் சிரிக்கிறான். இந்தப் பாட்டிலோ ஒருத்தரும் ஓடவில்லை, ஒருத்தரும் பின்தங்கவில்லை. அப்படியென்றால் வாசித்தது தான் இல்லை என்று சங்கிலி முடிவு கட்டினான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. போன வருஷம் பழைய கிட்டாரிஸ்ட் ரவிசங்கர் கனடாவுக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்குச் சந்தானம் கூட்டிவந்தது சொந்த அக்கா மகன் கார்த்திகேஷை. முப்பது வயது ஆள், ரெக்கார்டிங் மொத்தமும் அவன் லேப்டாப்பில்தான். ஆளே இல்லாமல் லேப்டாப்பே ட்ரம்ஸ் வாசிக்கிற காலம் இது. சங்கிலி இரண்டே தரம்தான் வாசித்திருப்பான். “போதும்ணே, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்றான் கார்த்திகேஷ். என்ன மிச்சம்? பிறகு மாமனும் மருமகனும் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள், சந்தானம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சங்கிலிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் முன்னால் சந்தானம் அந்த மொழியில் பேசியதே கிடையாது.

சந்தானத்துக்குப் போன் போட்டான். “மாப்ள, ஒரு கல்யாணத்துல நிக்கிறேன். பெறகு கூப்புடுறேன்.” கல்யாண வீடாம், பின்னால் மேளச் சத்தத்தையே காணோம்.

“நேர்ல போயி கேட்டுட்டு வாங்களேன். ஸ்டூடியோ நாகமலையிலதான இருக்கு, என்ன நாலு நாள் பயணமா?” என்றாள் அவன் மனைவி தமிழ்வாணி.

“கேட்டா ஒத்துக்குவாய்ங்களாக்கும்.”

கோபத்தைவிட அவனுக்குப் பயம்தான் அதிகம். நாற்பத்தாறு வயதாகிறது. இந்த ஆல்பத்தில் தன் கை இல்லையென்றால் இனி எதில் இருக்கப்போகிறது? பேரை மட்டும் அட்டையில் போட்டுவிட்டு ஆளைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைக்க நினைக்கத் தாங்க முடியவில்லை. பதினோரு மணிக்கு ரசிகர் குழுவில் எழுதிவிட்டான். இரண்டாயிரம் பேர் உள்ள குழு. “மக்களே, புதுப் பாட்டுல வாசிக்கிறது நான் இல்ல. மிஷினு. இருபத்திரண்டு வருஷ உழைப்புக்கு இதான் மரியாதை.”

மத்தியானத்துக்குள் பற்றிக்கொண்டது. ‘துரோகம்’ என்றார்கள், ‘ஒருத்தரும் கேக்காதீங்க’ என்றார்கள், கார்த்திகேஷின் படத்தைப் போட்டு அசிங்கமாகத் திட்டினார்கள். அன்றைக்குச் சங்கிலிக்குச் சோறு ருசியாக இறங்கியது.

மூன்று மணிக்குச் சந்தானத்தின் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. பட்டு வேட்டி, நெற்றியில் காய்ந்துபோன சந்தனம். கல்யாணம் நிஜம்தான் போலிருக்கிறது. “ஏறு” என்றான். நாகமலை புதுக்கோட்டையில் ஸ்டூடியோ வாசலில்தான் காரை நிறுத்தினான்.

ஸ்டூடியோ என்பது சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு மாடி அறை. கார்த்திகேஷ் உட்கார்ந்திருந்தான், கண் சிவந்திருந்தது. கிட்டாரையும் குரலையும் அமுக்கிவிட்டு ட்ரம்ஸை மட்டும் ஓடவிட்டான். ஐந்து நிமிஷம் அடி விழுந்துகொண்டே இருந்தது. கடைசித் தட்டு அதிர்ந்து அடங்கியதும் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. “ஆத்தாடி, கை செத்துப்போச்சு. எவனாச்சும் தண்ணி குடுங்கடா.”

சங்கிலியின் குரல்.

“ஆனா கடைசியில ஓடலையே தம்பி” என்றான் சங்கிலி மெதுவாக.

“ஓடியிருக்கீங்கண்ணே. கடைசி நிமிசத்துல எம்புட்டுன்னு பாருங்க” என்று திரையைக் காட்டினான் கார்த்திகேஷ். “உங்க அடிய மட்டும் காதுல போட்டுக்கிட்டு பதினேழு நாளு கிட்டார் வாசிச்சேன். நீங்க ஓடுன எடத்துல நானும் கூடவே ஓடுனேன். அதான் வித்தியாசமே தெரியல.”

சந்தானமும் சேர்ந்துகொண்டான். “அன்னைக்கு எங்க பாசையில என்ன சொன்னான் தெரியுமா? ‘அண்ணே ஓடல மாமா, இம்புட்டு வருசமா நீங்கதான் அவரு கூடப் போகல’ன்னான். அதுக்குத்தான்டா சிரிச்சேன்.”

சங்கிலிக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷக் கேலியை ஒருத்தன் பதினேழு நாளில் துடைத்துக் கொடுத்திருக்கிறான், அவனைத்தான் ஊரைக் கூட்டித் திட்ட வைத்திருக்கிறான் இவன். கார்த்திகேஷின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அங்கேயே உட்கார்ந்து ரசிகர் குழுவிலும் எழுதினான். “தப்பு என் மேல. வாசிச்சது நான்தான். மிஷின் இல்ல.” ட்ரம்ஸ் தனியாக உள்ள பதிவையும், தண்ணி கேட்ட குரலோடு, சேர்த்துப் போட்டான்.

‘குரலையும் மிஷின்லயே பண்ணலாம்ணே’ என்று ஒருவன் எழுதினான்.

அடுத்து எழுதியது மருது. பதினைந்து வருஷமாக ஒரு கச்சேரி விடாமல் வருகிறவன், சங்கிலிக்காக உயிரையே கொடுப்பான். “அண்ணே, மிரட்டி எழுத வச்சாய்ங்களா?”

“இல்ல மருது, சத்தியமா நான்தான்.”

“புரியுதுண்ணே. பக்கத்துல இருக்காய்ங்கன்னா ஒண்ணும் எழுத வேணாம். பேசாம இருங்க, நாங்க புரிஞ்சுக்குறோம்.”

சங்கிலி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருக்க இருக்க, அங்கே நூறு பேர் புரிந்துகொண்டார்கள்.