அவளைப் பிடித்த கைகள்

அந்தச் சலவைக்கூடத்தில் அவரைப் பாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவர் பாஸ்டர் இல்லை, ரோலர் மெஷினில் வேலை செய்பவர். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஜெபிப்பார். அவர் ஆமென் சொல்வதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் பாதி சாப்பாட்டை முடித்திருப்பார்கள். "பாஸ்டர், எங்க டப்பாவுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்க, இன்னைக்கு உப்பே இல்ல" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பதினெட்டு வருஷத்தில் யாரிடமும் அவர் குரலை உயர்த்தியதில்லை. போதகர் வெளியூர் போகிற ஞாயிறுகளில் சபையில் அவர்தான் பேசுவார். பெரும்பாலும் சமாதானத்தைப் பற்றித்தான் பேசுவார்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான ரோலருக்குள் விட்டு இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற இடம் அது. விரிப்பின் ஒரு முனையைப் பாஸ்டர் பிடிப்பார். மறுமுனையைப் பிடிப்பவள் வாய்த்துடுக்கான ஒரு இளம்பெண். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது பாஸ்டர்தான், பிறகு அதுவே அவள் பெயராகிவிட்டது. மூட்டைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வருபவர் மாமா. அறுபதை நெருங்கும் மனிதர். அங்கே யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் மாமா. சூப்பர்வைசருக்கு வைத்த பெயர் சைரன். காரணம் கேட்கவே வேண்டாம், அவன் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மாமா ஒரு தப்புச் செய்தார். துவைக்காத மூட்டை ஒன்றை, மடித்து வைத்த விரிப்புகள் இருந்த மேஜை மேல் கொட்டிவிட்டார். காலையிலிருந்து அடுக்கியது அத்தனையும் பாழ்.

சைரன் ஓடி வந்தான். முதலில் கத்தினான். அப்புறம் கையை ஓங்கி மாமாவின் கன்னத்தில் அறைந்தான். மாமா கையைக்கூடத் தூக்கவில்லை. "தெரியாம செஞ்சுட்டேன்" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது அடி விழுந்தது. கூடத்தில் இருந்த இருபது பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

தங்கச்சி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவர்களை நோக்கி ஓடினாள்.

பாஸ்டர் அவளைவிட வேகமாகப் பாய்ந்தார். பின்னாலிருந்து அவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. கைகலப்பு வேணாம். ஆண்டவர் பாத்துக்குவாரு."

"விடுண்ணா! மாமா செத்துடுவாரு, விடு!"

அவள் திமிறினாள். ஆனால் பதினெட்டு வருஷம் ஈரத்துணி தூக்கிய கைகள் அவருடையவை. அப்படியே பிடித்துக்கொண்டு கண்களை மூடினார், இந்த இடத்தில் சமாதானம் வர வேண்டும் என்று ஜெபிக்க ஆரம்பித்தார். மூன்றாவது அடியின் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து இரும்பில் ஏதோ மோதும் சத்தம். கண்ணைத் திறந்தபோது மாமா வண்டியோரம் தரையில் கிடந்தார். இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

பாஸ்டர் பிடியை விட்டார். தங்கச்சி ஓடிப்போய் மாமாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மாமாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, மேல்மாடியில் இருக்கும் மேனேஜர் பாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி அறை. ரோலர் சத்தம் அங்கே வராது.

"பிரச்சனை பெருசாகாம பாத்துக்கிட்டது நீங்கதான்னு கேள்விப்பட்டேன். உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்."

மேனேஜர் அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாஸ்டருக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை அவர் பிற்பாடு நினைத்து நினைத்துக் கூசினார். மேஜை மேல் ஒரு காகிதம் தயாராக இருந்தது. சிறு வாக்குவாதத்தின்போது தொழிலாளி கால் தவறி விழுந்தார் என்று அதில் டைப் செய்திருந்தது. யாருக்கும் வேலை போகாது, போலீஸ் வராது, எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம் என்றார் மேனேஜர். பாஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கி வந்தபோது சைரன் காத்திருந்தான். அவர் தோளில் கை வைத்து, "நல்லவேளை பாஸ்டர், நீங்க மட்டும் அவளப் பிடிக்கலன்னா அசிங்கமாப் போயிருக்கும்" என்றான்.

அந்தக் கை தோளிலிருந்து எடுக்கப்பட்ட பிறகும் அங்கேயே இருப்பதுபோல இருந்தது அவருக்கு.

மறுநாள் தங்கச்சி வேலைக்கு வந்தாள். ரோலருக்கு முன்னால் நின்று, சட்டையின் இரண்டு கைகளையும் மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே, ஒவ்வொரு கையிலும் நான்கு விரல்களின் நீலத் தடங்கள், உள்பக்கம் கட்டைவிரலின் தடம்.

"இது யாரு வேலைண்ணா? சைரனா?"

அவர் விரிப்பின் முனையைப் பார்த்தார்.

"நேத்து இங்க ரெண்டு பேரு கைய நீட்டுனாங்க. ஒருத்தன் மாமாவ அடிச்சான். இன்னொருத்தரு அவரக் காப்பாத்தப் போனவளப் பிடிச்சாரு. அடிக்கிறவன் கையப் பிடிக்கணும்னு ஏண்ணா தோணல?"

"நான் யாரையும் அடிக்கக் கூடாதுன்னு..."

"அடிக்கச் சொல்லல. நானும் அடிக்கப் போகல. நடுவுல நிக்கப் போனேன்."

சொல்லிவிட்டு அடுத்த விரிப்பின் முனையை எடுத்தாள். விரிப்புகள் ரோலருக்குள் போய்க்கொண்டே இருந்தன. அன்று மதியம் பாஸ்டர் டப்பாவைத் திறந்தார், கண்ணை மூடினார், உடனே திறந்துவிட்டார். கண்ணை மூடினால் அந்த இரும்புச் சத்தம் கேட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். கையெழுத்துப் போட்டதை மட்டும் கடைசியில் சொன்னார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள், கோபப்படவில்லை.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு அடி வாங்கினது நானா இருந்தா, அப்பவும் ஜெபம்தான் பண்ணியிருப்பீங்களா?"

"அது வேற."

"என்ன வேற?"

அவள் மடித்து வைத்த சட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் அலமாரிப் பக்கம் போனார்.

அந்த ஞாயிறு போதகர் ஊரில் இல்லை. பேச்சுக் குறிப்பு இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதியிருந்தார்: சமாதானம் பண்ணுகிறவர்கள். மேடையில் ஏறி அந்தக் காகிதத்தைப் பிரித்தார். முதல் வரியைப் படித்ததும் காது சுட்டது. காகிதத்தை மடித்துவிட்டு, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அவளைப் பிடித்ததை, கண்ணை மூடியதை, சார் என்று கூப்பிட்டபோது சந்தோஷப்பட்டதை, கையெழுத்தை. எதையும் விடவில்லை.

"பயந்துட்டேன்னு சொல்லியிருந்தா அது உண்மை. நான் விசுவாசம்னு சொன்னேன்," என்றார். "இத்தன நாள் நான் கும்பிட்ட ஆண்டவரு எங்க மேனேஜர் மாதிரி இருந்தாரு. மேல கண்ணாடி ரூம்ல உக்காந்துக்கிட்டு, கீழ சத்தம் வரக் கூடாதுன்னு மட்டும் பாக்குறவரு. ஆனா வேதத்துல, ஒரு பொண்ணக் கல்லெறிஞ்சு கொல்ல வந்தவங்களுக்கும் அவளுக்கும் நடுவுல இருந்த ஆண்டவரு ஓரமா நின்னு கண்ண மூடிக்கல. அவரு யாரையும் அடிக்கல, ஆனா அந்த இடத்த விட்டு நகரவும் இல்ல. நான் நகர்ந்து நின்னது மட்டும் இல்லீங்க. குறுக்க போனவளப் பிடிச்சு நிறுத்திட்டேன்."

சபையில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் இருந்த மூத்த பொருளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்ததும் அவர் பாஸ்டரைத் தனியாக அழைத்து, "இதெல்லாம் மனசுக்குள்ள வெச்சுக்க வேண்டிய விஷயம் தம்பி, சின்னப் புள்ளைங்க இருக்குற இடம்" என்றார். அடுத்த முறை போதகர் வெளியூர் போனபோது வேறொருவர் பேசினார்.

திங்கட்கிழமை பாஸ்டர் மாடி ஏறினார். "அந்தக் காகிதத்துல இருக்கிறது பொய் சார். நான் வேற எழுதித் தரேன்" என்றார். இந்தத் தடவை மேனேஜர் சார் என்று சொல்லவில்லை. கீழே போய் வேலையைப் பாருங்கள் என்றார். பாஸ்டர் கீழே போகவில்லை, நின்றுகொண்டே எழுதினார். எழுதியதை மேஜை மேல் வைத்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்றும் எழுதி, மாமாவின் மகளிடம் கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். தங்கச்சியும் இன்னும் ஆறு பேரும் சாட்சி சொன்னார்கள். சைரனுக்கு வேலை போயிற்று, வழக்கு இன்னும் நடக்கிறது. பாஸ்டரை ரோலரிலிருந்து எடுத்து, அழுக்கு மூட்டை பிரிக்கிற பகுதியில் போட்டார்கள்.

அங்கே போவதற்கு முன் அவர் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டார்.

"கேட்டுட்டீங்க இல்ல, உங்களுக்கு மனசு லேசாயிருக்கும்," என்றாள் அவள். "எனக்கு இன்னும் ஆகல. ஆச்சுன்னா சொல்றேன்." அவள் கையிலிருந்த நீலத் தடங்கள் அதற்குள் மறைந்துவிட்டிருந்தன. அதனால் அவருக்கு ஆறுதல் எதுவும் வரவில்லை.

மாமாவுக்கு இடது காது சரியாகவில்லை. வாரம் ஒரு முறை காது டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. மகளுக்கு லீவு கிடைக்காததால் பாஸ்டர் கூட்டிக்கொண்டு போனார். முதல் தடவை, பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நீளமான தெரு. ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை எல்லாம் அந்தத் தெருவில் சொன்னார். தான் கோழையாக இருந்ததை, கோழைத்தனத்துக்கு ஆண்டவர் பெயரை வைத்ததை, தினமும் வெட்கமாக இருப்பதை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். மருந்துக்கடையைத் தாண்டினார்கள், பூட்டுக்கடையைத் தாண்டினார்கள். மாமா நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

தெருமுனையில் அவர் நின்றார். பாஸ்டரின் ஈரமான முகத்தை அப்போதுதான் கவனித்தார்.

"ஏதாவது சொன்னியாப்பா? அந்தப் பக்கம் காது கேக்காது. இந்தப் பக்கம் வா."

பாஸ்டர் சுற்றி வந்து வலது பக்கம் நின்றார். அத்தனை நேரம் பேசிய நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது வாயில் இல்லை.

"அவளப் பிடிச்சிருக்கக் கூடாது மாமா. விட்டிருக்கணும். நானும் வந்திருக்கணும்."

மாமா அவர் பக்கம் திரும்பினார்.

"ஆமா," என்றார். "வந்திருக்கணும்."

டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். இருவரும் தெருவைக் கடந்தார்கள்.