கடைசித் துண்டு

பாதி முடி வெட்டியிருந்தபோது அக்கா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். நல்ல வேளை, கத்தரிக்கோல் காதில் படவில்லை.

அவளும் அவளோடு வேலைசெய்யும் தாடிக்காரப் பேராசிரியரும் வருடக்கணக்காக உழைத்து எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையை அன்று மதியம் திரும்பப் பெறுவதாக இருந்தார்கள். காகிதத்தில் போட்ட கணக்கைவிடக் கணினி எண்ணியது அதிகமாக வந்தது. ஏன் என்று இருவருக்கும் பிடிபடவில்லை. அழுத முகத்தோடு கல்லூரிக்குப் போக மனமில்லாமல் என் முடிதிருத்தும் கடைக்கு வந்திருந்தாள்.

"அப்படி என்னத்தக்கா எண்ணுறே?" என்றேன், அவள் பேசினால் போதுமென்று.

மேசையில் சிந்திக் கிடந்த பவுடரில் விரலால் 0001 என்று எழுதினாள். "ஃபைலைச் சுருக்குற புரோகிராம் இதை இடப்பக்கத்துலேருந்து வெட்டிக்கிட்டே வரும். ஒவ்வொரு துண்டும் அதுக்கு முன்னாடி வராததா இருக்கணும்; வந்திருந்தா அடுத்ததையும் சேர்த்துக்கும். 0, அப்புறம் 00, அப்புறம் 1. இப்ப 0100ஐ நீ வெட்டு."

வெட்டுவதுதானே என் பிழைப்பு. "0, 1... அடுத்த 0 முன்னாடியே வந்தாச்சு. அதனால 00."

"அதே மூணு துண்டு! வரிசைதான் வேற. 1000 எடுத்தாலும் அதேதான். மூணும் ஒரே குடும்பம். ஒவ்வொரு நீளத்துக்கும் இப்படி மொத்தம் எத்தனை குடும்பம்னுதான் எண்ணுறோம்."

எனக்கு ருசி தட்டிவிட்டது. "இன்னும் சின்னதா ஒண்ணு குடு."

00 என்று எழுதினாள். "முதல் 0 ஒரு துண்டு. ரெண்டாவது 0..." விரல் அப்படியே நின்றது. "அடியே, இது துண்டே இல்லடி. சேர்த்துக்க அடுத்தது இல்லாத மிச்சம்! காகிதத்துல மிச்சத்தை நாங்க சேர்க்கவே இல்ல. கம்ப்யூட்டர் அதையும் தனிக் குடும்பமா எண்ணித் தொலைச்சிருக்கு!"

அப்போதுதான் துள்ளி எழுந்து, கழுத்தில் கட்டிய துணி பறக்க ஓடினாள். கடையைச் சாத்திவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

கல்லூரியில் தாடிக்காரர் கட்டுரையைத் திரும்பக் கேட்கும் கடிதத்தை அடித்து முடித்திருந்தார். "அனுப்பாதீங்க சார்!"

அவர் நிமிர்ந்து அவள் தலையைப் பார்த்து மிரண்டார். "என்னம்மா ஆச்சு?"

"முடி கிடக்கட்டும் சார். கடைசியில மிச்சம் விழுறதை எல்லாம் தள்ளிட்டு எண்ணச் சொல்லுங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினார். சின்ன நீளங்களுக்கெல்லாம் கணினியின் எண்ணிக்கை காகிதக் கணக்கோடு மளமளவென்று பொருந்தியது. ஒவ்வொன்றுக்கும் அக்கா என் தோளில் ஓங்கி அறைந்தாள். பிறகு, இதுவரை எண்ணிப் பார்க்கவே துணியாத ஒரு நீளத்தைக் கொடுத்தார். இயந்திரத்தின் விசிறி இரையத் தொடங்கியது. யாரென்றுகூடத் தெரியாத என் கையை அவர் இறுகப் பிடித்திருந்தார். மூன்று பேரும் மூச்சுவிடாமல் குனிந்திருக்க, கறுப்புத் திரையில் விடை வரவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.