அதே ஆஸ், அதே அஞ்சு

இருந்தவர்கள்: எடை போடும் வாத்தியார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கண்ணாடி, லேபிள் ஒட்டும் தும்மல், என் அக்கா புருஷன் மச்சான். ஐந்தாவது நான்.

அந்த நால்வரும் கிடங்கில் இரவு ஷிஃப்ட். பகலில் ஒரே ஒரு இடம் காலி. “நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, என் உயிரை எடுக்காதீங்க” என்று சூப்பர்வைசர் கழன்றுகொண்டார். உடை மாற்றும் அறையில் போக்கர் ஆடி ஜெயிப்பவனுக்குப் பகல். எங்கள் வழக்கம் அது. நான் போன மாதமே இரவு வேலையை விட்டு நின்றவன். அதனால் சீட்டுப் போட என்னைக் கூப்பிட்டார்கள். சீட்டுப் போடுபவன் வாய் திறக்கக் கூடாது.

மச்சானுக்கு இது விளையாட்டு இல்லை. அக்காவுக்குப் பகல் வேலை. ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்குகிறார்கள். ‘இந்தத் தடவையும் ராத்திரின்னா நான் வேற வீடு பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள்.

அதனால் பத்து நாள் தொண்டைத் தண்ணீர் வற்ற அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். சீட்டு மட்டும் போதாது, உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கைமாறும் அடையாளமான டேப் உருளை உங்கள் முன்னால் இருந்தால், நடுவில் மூன்று சீட்டு விரிந்த பிறகு நீங்கள்தான் கடைசியாகப் பேசுவீர்கள். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அப்போது சுமாரான சீட்டை வைத்தும் ரெய்ஸ் மேல் ரெய்ஸ் போட்டுப் பந்தயத்தை ஏற்றலாம். உருளை இடப்பக்கம் நகர்ந்துவிட்டால் பொத்திக்கொண்டிருங்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு உருளை மச்சான் முன்னால். பந்தயத்துக்குக் காசு இல்லை, நட்டுகள்தான். நடுச்சீட்டு விரிந்ததும் கண்ணாடி பத்து நட்டு வைத்தான். மச்சானிடம் ஆஸ், அஞ்சு. முப்பது வைத்தார். கண்ணாடி சீட்டை விட்டெறிந்தான். சரியான ஆட்டம். நான்கூடத் தலையாட்டிவிட்டேன். அதுதான் வினை.

மூன்று ஆட்டம் தாண்டி உருளை தும்மலிடம். அவனுக்கு அடுத்து மச்சான்; நடுச்சீட்டு விரிந்தால் முதலில் பேச வேண்டியவர். விரிப்பதற்கு முந்தைய சுற்றை வாத்தியார் தொடங்கினார், பதினைந்து வைத்தார். பின்னால் மூன்று பேர் காத்திருக்கும்போது நல்ல சீட்டு இல்லாமல் மனுஷன் சும்மா வைக்க மாட்டார். மச்சான் சீட்டைத் தூக்கிப் பார்த்து இளித்தார். நான் இருமினேன்.

“சீட்டுப் போடுறவனுக்குச் சளியா?” என்றான் தும்மல்.

“அம்பது!” என்றார் மச்சான்.

வாத்தியார் அமைதியாக ஈடுகட்டினார். விரித்தேன்: ஆஸ், ஒன்பது, இரண்டு. முதலில் பேச வேண்டியவர் மச்சான். எதிராளி என்ன நினைக்கிறார் என்று துளியும் தெரியாது. இருந்த நட்டு அத்தனையையும் தள்ளினார்.

வாத்தியார் அதற்கும் ஈடாக வைத்து, ஆஸையும் ராஜாவையும் காட்டினார். மீதி இரண்டு சீட்டிலும் அஞ்சு வரவில்லை. மச்சானிடம் ஒரு நட்டுகூட மிச்சமில்லை; பகல் வேலை போச்சு.

“அதே ஆஸ், அதே அஞ்சு! அப்போ ஜெயிச்சேன்ல?”

வாய் திறந்துவிட்டேன். “அப்போ எங்க உக்காந்திருந்தீங்க மச்சான்?”

“இதே பெஞ்சுலதான்!”

தலையில் அடித்துக்கொண்டேன். “ஆட்டம் முடிஞ்சிருச்சு, தம்பி. விடு” என்றார் வாத்தியார். சிரிக்கவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆறு மணிக்கு மற்றவர்கள் வேலைக்கு உள்ளே போய்விட்டார்கள். மச்சான் மட்டும் வாசலில் கையுறையைத் திருகிக்கொண்டு நின்றார்.

“அவகிட்ட நீயே பக்குவமா சொல்லிடேன், மாப்ள.”

“நான் எதுக்கு? போன் பண்ணி நீங்களே சொல்லுங்க.”

“திட்டுவாளே.”

“திட்டினா கொடுத்துவெச்சவர். பேசாம பெட்டியைக் கட்டினா என்ன பண்ணுவீங்க?”

மச்சான் செல்லை எடுத்தார், அவள் பெயரைப் பார்த்தார், திரும்பப் பைக்குள் போட்டார்.

“வர்றியா, இல்லையாப்பா?” என்றார் காவலாளி.

மச்சான் உள்ளே போனார். காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினார்.