தலைவர் வரும்வரை

வளையக்காரி பறவையின் வயிற்றை மெல்ல ஊதினாள். இறகுகள் விலகின. உள்ளே தோல் மொட்டையாக, சிவந்து, சூடாக இருந்தது. அடைகாத்துக் குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் தாய்க்குத்தான் வயிறு இப்படி இருக்கும். பக்கத்தில் எங்கோ குஞ்சு பொரித்திருக்கிறது என்று வலைக்காரரிடம் சொன்னாள்.

ஏரிக்கரை நாணலுக்குள் கோடை முழுவதும் இருவருக்கும் இதுதான் வேலை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையை விடியலில் விரிப்பார் அவர். சிக்கும் பறவையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். அவள் அதன் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, இறக்கையை அளந்து, எடை பார்த்து, உடனே பறக்க விடுவாள். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். போன கோடையில் வளையம் போட்டவற்றில் எத்தனை பிழைத்துத் திரும்புகின்றன என்று பார்த்தால்தான் ஏரிக்கு என்ன கேடு வந்திருக்கிறது என்று தெரியும். வெயில் ஏறுமுன் வலையைச் சுருட்டிவிட வேண்டும். தாய்ப் பறவை சிக்கினால் மற்றவற்றைத் தள்ளிவைத்து அதை முதலில் விட வேண்டும். இதெல்லாம் பறவை ஆய்வு மையத்தின் இயக்குநரே வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்த விதிகள்.

இந்தப் பறவையின் காலில் ஏற்கெனவே வளையம் இருந்தது. அவளே மாட்டியது. மூன்றாவது கோடையாகத் திரும்பி வந்திருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பழுப்பு நிறச் சின்ன உயிர், கடல் தாண்டிப் போய் வந்திருக்கிறது! அவளுக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில் இயக்குநருக்குப் போன் போட்டுச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

அன்று மையத்தை நடத்தும் வாரியத்தின் புதுத் தலைவர் பார்வையிட வருவதாக இருந்தது. கூடாரம், மேசை விரிப்பு, புகைப்படக்காரர் எல்லாம் தயார். இயக்குநர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அதை விட்டுடாதே. தலைவர் கையால பறக்கட்டும். மூணு வருஷமா திரும்பி வர்ற பறவைன்னா போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்."

கூட்டில் குஞ்சு இருக்கிறது, இந்த வெயிலில் தாய் நிழலாக உட்காராவிட்டால் தாங்காது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"குஞ்சு கொஞ்ச நேரம் பொறுத்துக்கும். தலைவர் பொறுப்பாரா?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று வாரியம்தான் முடிவு செய்யப்போகிறது என்பதை ஞாபகப்படுத்தினார்.

வீட்டில் வேலை போய் உட்கார்ந்திருக்கும் கணவன், பள்ளிக்குப் போகும் மகள். அவள் பையின் வாயைச் சுருக்கி, தலைவருக்காகவே நிறுத்திவைத்த வேறு இரண்டு பறவைகளின் பைகளோடு நிழலில் தொங்கவிட்டாள்.

பெரிய மனிதர்களின் கடிகாரம் எப்போதும் தனியாகத்தான் ஓடும். ஆம்புலன்ஸை நிறுத்திவைத்து அவர்கள் காருக்கு வழிவிடுகிறவர்கள் நாம். ஒரு குருவிக்கா இரக்கப்படப் போகிறோம்? வெயில் ஏறியது. நிழல் நகர்ந்தது. வலைக்காரர் யாரையும் கேட்காமல் வலைகளைச் சுருட்டினார், பைகளை வேறு மரத்துக்கு மாற்றினார்.

"விட்டுடும்மா. கேட்டா கை நழுவிடுச்சுன்னு சொல்லு. நானும் பார்த்தேன்னு சொல்றேன்" என்றார்.

அவள் கூடாரத்தின் பக்கம் பார்த்தாள். இயக்குநர் தலைவருக்கான நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம்தானே அண்ணே என்றாள். பையில் அசைவு இருந்த வரைக்கும் அவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

தலைவர் வந்தார். குளிர்பானம் குடித்தார். இயற்கையைத் தாயாக மதிக்க வேண்டும் என்று பேசினார். இயக்குநர் முதல் ஆளாகக் கை தட்டினார். அதற்கப்புறம்தான் பறவைகளின் முறை வந்தது.

அவள் பைக்குள் கையை விட்டாள். பறவையின் தலை அவள் விரல்மேல் தொய்ந்து விழுந்தது.

இயக்குநருக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் காதருகே குனிந்தார். "அப்படியே அவர் கையில கொடுத்துடு. கண்ணு மூடியிருந்தா தூங்குற மாதிரிதான் தெரியும். ஒரே ஒரு போட்டோ."

தலைவர் சிரித்த முகத்தோடு உள்ளங்கையை நீட்டினார். அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் பாதி அவள்மேலேயே. ஒரு கையில் செத்த பறவையைப் பிடித்தபடி, மறுகையால் மற்ற இரண்டு பைகளையும் அவிழ்த்தாள். ஒன்று விர்ரென்று போனது. இன்னொன்று புல்லில் விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்து பறந்தது.

"இது செத்துப்போச்சு சார். உங்களுக்காகப் பைக்குள்ள கட்டி வெச்சிருந்தோம்."

அது சீக்குப் பறவை என்று இயக்குநர் குறுக்கே புகுந்தார். தலைவரின் முகம் சுருங்கியது.

"நான் காத்திருக்கச் சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க சொல்லவே வேணாம் சார், நாங்களே செய்வோம். அதுதான் எங்க வியாதி. உங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும்னு இவர் பிடிச்சு வெக்கச் சொன்னார். வேலை போயிடும்னு நானும் வெச்சேன். மேலிடத்துக்குப் பயந்து செஞ்சேன்னு சொல்றது வெறும் சாக்கு. பயந்து செஞ்சாலும் கொலை கொலைதான்."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று இயக்குநர் பல்லைக் கடித்தார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம் சார்" என்றாள் வளையக்காரி. "அந்த நாணலுக்குள்ள எங்கேயோ குஞ்சுங்க வாயைத் திறந்துக்கிட்டுக் கெடக்கு. தலைவர் வந்துட்டார், விழா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அதுங்ககிட்ட போய் யார் சொல்றது?"