உள்ளே விட்ட துணி

இந்தத் தெருவில் யாருக்கு இடுப்பு பெருத்திருக்கிறது, யாருக்குத் தோள் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் என் அக்காவுக்கு அத்துப்படி. தையல்காரி. ஆள் படியேறி வருவதற்குள் கண்ணாலேயே அளவெடுத்துவிடுவாள். பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் அந்தக் கண் வேலை செய்யவில்லை.

மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. பட்டாணி என்று கூப்பிடுவோம். உருண்டு உருண்டு ஓடுவதால் வந்த பெயர், குண்டாக இருப்பதால் அல்ல. குண்டாக இல்லையே என்பதுதான் அக்காவின் கவலை.

முன்னறை கடை, பின்னால் வீடு. அக்காவுக்கும் மாமாவுக்கும் ஆளுக்கொரு மிஷின். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் என் வேலை. அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் கூப்பிட்டால் பதில் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு "ம்" கிடைத்தாலே அன்று அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

வினை ஒரு வாடிக்கைக்காரி ரூபத்தில் வந்தது. தன் மகளுக்குக் கவுன் தைக்க வேண்டுமென்று கூட்டி வந்தாள். அந்தப் பெண்ணும் பட்டாணியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அளவு சொல்லச் சொல்ல அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவர்கள் போன பிறகு கழுத்தில் டேப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு எவ்ளோ வளர்ந்துட்டா பாத்தியா? நம்ம பட்டாணிக்குப் போன வருஷம் தைச்ச மஞ்சள் ஃபிராக் இன்னும் அப்படியே பொருந்துதுடி."

நான் திரும்பிப் பார்த்தேன். வெட்டுமேஜைக்கு அடியில் பட்டாணி துணித்துண்டுகளைப் பரப்பிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். மஞ்சள் ஃபிராக் தோளில் அளந்து வைத்தாற்போல நின்றது, நீளம் முட்டிவரைக்கும் கச்சிதம். போன வருஷத்து உடுப்பு இந்த வருஷமும் கச்சிதம் என்றால் பிள்ளை வளரவில்லை என்றுதானே அர்த்தம்? மெத்தப் படித்தவள் மாதிரி நானும் தலையாட்டினேன். மற்றவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், எங்கள் பிழைப்புக்குத் துணிதான் முதலில் கண்ணில் படும்.

அளந்துதான் பாரேன் என்று சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்றாள். டேப் கழுத்திலேயேதான் தொங்கியது. ஊருக்கெல்லாம் அளவெடுப்பவளுக்குத் தன் பிள்ளையின்மேல் டேப்பை வைக்கப் பயம். என்ன எண் வந்துவிடுமோ என்ற பயம்.

அன்றிலிருந்து வீடு போர்க்களமானது. அக்கா கிண்ணத்தோடு துரத்துவாள், பட்டாணி மிஷின் சந்துக்குள் புகுந்துகொள்வாள். வாசலில் போகிற வண்டியைக் காட்டி ஒரு வாய், போனில் பொம்மைப் படம் போட்டு ஒரு வாய். வாங்கியதை விழுங்குவாளா? கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாடுதான் இறங்கவில்லை, பாலாவது இறங்கட்டும் என்று டம்ளர் டம்ளராகப் பால். அது போதாதென்று கைக்கு ஒரு பிஸ்கட். துணி வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு டானிக் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருநாள் வம்படியாகத் திணித்ததில் பட்டாணி மொத்தத்தையும் வாந்தியெடுத்தாள். பிள்ளையைவிட அதிகமாக அக்கா அழுதாள். மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டுக் குழந்தைகள் டாக்டரிடம் போனோம்.

அங்கே நர்ஸ் எடை பார்த்துவிட்டு, சுவரோரம் உயரம் பார்க்க நிற்கச் சொன்னாள். பட்டாணி வேண்டுமென்றே குறுகி நின்றாள். மேலே ஒட்டியிருந்த பறவைப் படத்தைத் தலையால் தொட முடியுமா என்று நர்ஸ் கேட்டதுதான் தாமதம், குதிகால் தூக்கி எம்பினாள். நர்ஸ் பாதத்தை மெல்ல அழுத்திவிட்டு அளந்துகொண்டாள். டாக்டரம்மா கண்ணையும் நகத்தையும் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், நன்றாகத் தூங்குகிறாளா, ஓடியாடுகிறாளா என்று விசாரித்தார். பிறகு போன தடவை எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லா வளர்ந்திருக்காம்மா. உயரம், எடை ரெண்டுமே வயசுக்குத் தகுந்த மாதிரி ஏறிட்டுதான் வருது."

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். என் அக்காவுக்குக் கோபம் வந்தது.

"அதெப்படிங்க டாக்டர்? போன வருஷம் நானே தைச்ச ஃபிராக் இது. இன்னும் அளவு மாறல, பாருங்க."

டாக்டரம்மா அளவைப் பார்த்தார், ஃபிராக்கைப் பார்த்தார். அவர் படித்த படிப்பில் ஃபிராக் வந்திருக்காது போல. அக்கா விடுவதாக இல்லை. காட்டுகிறேன் பாருங்கள் என்று கீழ்மடிப்பைப் புரட்டினாள். புரட்டிய கை அப்படியே நின்றது.

அது அவள் போட்ட தையல் இல்லை. தைப்பவர்களுக்குத் தங்கள் தையல் தெரியாமல் இருக்குமா? பட்டாணியின் தலைவழியே ஃபிராக்கை உருவி உள்பக்கம் திருப்பினாள். பக்கத் தையல், தோள், கீழ்மடிப்பு, எங்கேயும் உள்ளே கூடுதலாக மடித்து விட்டிருந்த துணியைக் காணோம். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மடிப்புக்குள் வெளுக்காமல் இருந்த மஞ்சள் பட்டை இப்போது வெளியே இருந்தது. பட்டாணி வெறும் ஜட்டியோடு டாக்டரின் மேஜைமேல் நின்று குதித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மகளின் செருப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மாமாவை உள்ளே இழுத்து வந்தேன். யார் பிரித்தது என்று அக்கா ஃபிராக்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நான்தான். ஃபிராக் போட்டு விடறப்போ பாத்தேன், அக்குள்கிட்ட இறுக்குச்சு, கொஞ்சம் விட்டேன். அப்புறம் நீளம் பத்தல, இறக்கினேன். அப்புறம் மறுபடியும் தோள்."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாமா உண்மையாகவே விழித்தார். "பிரிச்சு விடத்தானே நீ உள்ள அவ்ளோ துணி விட்டுத் தைச்சே?"

ஆமாம். அக்காதான் விட்டாள். என் பிள்ளை கிடுகிடுவென்று வளரும் என்று சொல்லிச் சொல்லிப் போதும் போதுமென்கிற அளவுக்கு விட்டாள். முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். பிறகு நர்ஸ். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள், எனக்கு வயிறு வலித்தது. என்ன ஏதென்று தெரியாமலே எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பட்டாணி.

சிரித்து ஓய்ந்த பிறகு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முதல் வருஷத்தில் பிள்ளைகள் விறுவிறுவென்று வளர்வார்கள், அதனால் விறுவிறுவென்று சாப்பிடுவார்கள். இந்த வயதில் வளர்ச்சி நிதானப்படும், பசியும் நிதானப்படும். ஒருநாள் நன்றாகச் சாப்பிடுவாள், மறுநாள் தட்டை முறைத்துப் பார்ப்பாள். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் பொறுப்பு. போனைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். பாலையும் பிஸ்கட்டையும் கண்ட நேரத்தில் கொடுக்காதீர்கள். எடை குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே கூட்டி வாருங்கள். இவ்வளவும் கேட்ட பிறகும் ஒரு டானிக்காவது எழுதித் தரச் சொல்லி அக்கா மூக்கால் அழுதாள்.

"டானிக்கெல்லாம் வேண்டாம்மா. பசிக்க விடுங்க, அது போதும்."

அன்று மாலை நான்கு பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். பட்டாணி முட்டையைக் கொஞ்சம் பிய்த்துத் தின்றாள், கேரட்டைக் கடித்தாள், சோற்றில் கோலம் போட்டு அதில் பாதியைச் சாப்பிட்டாள். "போதும்" என்றாள். அக்காவின் கை தன்னால் கிண்ணத்துக்குப் போனது. மாமா நிமிர்ந்து பார்த்தார். 

"சரி," என்றாள் அக்கா.

பட்டாணிக்கு நம்பிக்கை வரவில்லை. நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, துரத்தல் வருகிறதா என்று பார்த்தபடியே பின்னோக்கி நடந்தாள். வரவில்லை என்றதும் முன்னறைக்கு ஓடிவிட்டாள்.

அக்காவுக்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லை. முன்னால் அவளுடைய தட்டு இருந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அக்காவின் தட்டில் நான் ஆவியைப் பார்த்து எத்தனை நாளாகிறது? நாங்கள் எழுந்து கைகழுவிய பிறகு, பிள்ளை மிச்சம் வைத்ததையும் ஆறிப்போனதையும் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வாள். பிள்ளை இளைத்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்த வீட்டில், இவள் இளைத்ததை யாரும் பார்க்கவில்லை. 

அக்கா உட்கார்ந்து சாப்பிட்டாள். நிதானமாகச் சாப்பிட்டாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள். மாமா தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

முன்னறையிலிருந்து பட்டாணி கூப்பிட்டாள், "அம்மா, வா, விளையாடலாம்."

அக்கா பாதி எழுந்தாள். பிறகு தட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இரு கண்ணு. அம்மா சாப்பிட்டுட்டு வரேன்."